நெடுவழிப் பயண ஆயத்தம்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் பொதிமாடும் கரத்தையும்

புறநானூற்றின் 102ஆம் செய்யுளில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகரின் வண்டிக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகின்றார். நுகம் பழகாத இளங்காளைகள், அளவு மிஞ்சிய பாரம், மேடுபள்ளம் முன்னறிய முடியாத வழி ஆகியவற்றை எண்ணி உமணர் புறப்படும்போதே இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டனர். உரைகாரரும் பின்வந்த ஆய்வாளரும் இவ்வுவமையின் நயத்தைப் பலபடப் பாராட்டியுள்ளனர். ஆயின், அந்த அச்சைச் செதுக்கிய தச்சனைப் பற்றியோ அதனைக் கட்டிய கையைப் பற்றியோ வினவியவர் குறைவு. குறுநிலத் தலைவன் ஒருவனின் புகழுக்கு உவமையாகும் தகுதி ஒரு மரத்துண்டுக்கு எங்கிருந்து வந்தது? அச்சு முறிந்த வண்டியோடு நடுவழியில் இரவைக் கழித்தவனின் அனுபவத்திலிருந்தே வந்தது. உழைப்பின் அனுபவம் முதலில். உவமை அதற்குப் பின்னரே.

பத்துப்பாட்டினுள் பெரும்பாணாற்றுப்படை இவ்வகையில் இன்னும் விரிவான சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் உமணரின் வண்டித் தொடரை அதன் தட்டுமுட்டுச் சாமான்களோடு காட்டுகின்றார். வண்டியிலே ஊறுகாய்க் கலம் தொங்குகின்றது, உரல் கட்டப்பட்டிருக்கின்றது, கைக்குழந்தையுடன் பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள், களைத்த மாட்டுக்குப் பதிலாகப் பூட்டுவதற்கு வேறு எருதுகளும் உடன் வருகின்றன. அதே நூல் மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்தையும், சுங்கம் அறவிடும் பெருவழியையும், அங்கு வில்லேந்திக் காவல் நிற்போரையும் கூறுகின்றது. வண்டி, பொதிவிலங்கு, மாற்றுவிலங்கு, உணவு, காவல், சுங்கம் என நெடுவழிப் பயணத்தின் பொருளியற் கூறுகள் அனைத்தும் ஒரே புலவரின் பார்வைக்குள் வந்துவிட்டன. இதனை வெறும் வருணனை எனக் கடந்து செல்வது இலக்கிய மாணவருக்கு அழகன்று.

சங்ககால உமணரை மட்டக்களப்பு வண்டிக்காரரின் நேர் மூதாதையராக்குவது எமது நோக்கமன்று. அத்தகைய பரம்பரைக் கற்பனைகள் நம்மிடையே வேண்டிய அளவு உள்ளன. ஒத்த உற்பத்தி நிலைமைகளில் ஒத்த தேவைகள் எழுகின்றன என்பதே எமது கருதுகோள். எருதின் நடைவேகமும் மரத்தின் தாங்குதிறனும் அரசவம்சம் மாறும்போது மாறுவதில்லை. ஆகவே, வாவிப் பிரதேசத்தில் அண்மைக்காலம் வரை வழங்கிய பயண ஆயத்தத்தை ஆராய்வது, அப்பிரதேசத்தின் வரலாற்றை மட்டுமன்றி நமது பழைய நூல்களை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் மேய்ச்சற்றரையும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்னும் இப்பெயர்களில் ஒரு பொருளாதாரப் பிரிவினையும் உள்ளடங்கியுள்ளது. மீனும் தேங்காயும் நெசவும் கடைத்தெருவும் ஒரு புறம். நெல்லும் மாட்டுப்பட்டியும் விறகும் தேனும் மறுபுறம். ஒன்றின்றி ஒன்று வாழ முடியாது. எனவே இங்கு எந்தப் பயணத்தின் முதற்படியும் நீரைக் கடப்பதாகவே இருந்தது. வாவியைக் கடக்கும் மிதவையை இப்பிரதேச மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், மண்முனையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கும் செல்வோர் ‘பாதையில்’ ஏறினர். பிறவூரார் காலால் நடப்பதற்கு வழங்கும் சொல் இங்கு நீரின்மேல் மிதப்பதற்கு வழங்கியது.

படுவான்கரைக்கும் அப்பால் மேற்கே மலைநாட்டை நோக்கிச் சென்ற வழியே உண்மையான நெடுவழி. செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளையை அடையும் இன்றைய ஏ-5 பெருந்தெரு அத்திசையிலேயே செல்கின்றது. 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் கரையிறங்கி, கண்டியில் முதலாம் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். அரசியல் வரலாறு இதனை இராசதந்திரச் செய்தியாகப் பதிவுசெய்யும். ஆனால் தூதுவன் நடந்து செல்லக்கூடிய வழி ஏற்கெனவே அங்கு இருந்தது. அவ்வழி தூதுவருக்காக உண்டானதன்று. உப்பும் கருவாடும் மேலே ஏற, பாக்கும் மெழுகும் தேனும் கீழே இறங்கிய வழியே அது.

அவ்வழியின் தொடக்ககால வாகனம் சக்கரமற்றது. பொதிமாடுகளின் கூட்டமாகிய தவளம் அதுவாகும். சிங்களத்திலும் அது ‘தவலம’ எனப்படும். கண்டியரசில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டுப் பாதைகள் ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒடுக்கமுடையன என்றும், கணவாய்களில் முட்கதவுகளும் காவலும் இருந்தன என்றும் கூறுகின்றார். கரையோரத்தைப் பறங்கியர் பிடித்திருந்த நிலையில் அகன்ற தெரு என்பது பகைவனுக்குத் திறந்த வாயிலாகும். எனவே வண்டி இல்லாமை தொழில்நுட்ப அறியாமையன்று. அது ஓர் அரசின் பாதுகாப்புக் கொள்கை. அக்கொள்கையின் பாரம் முழுவதும் மாட்டின் முதுகில் இறங்கியது. கண்டி மன்னர்கள் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென ‘மடிகே பத்த’ என்னும் தனித் திணைக்களத்தையே வைத்திருந்தனர். அதிற் கடமையாற்றியோரில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1626இல் போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். மன்னனின் கருணை என இதனைப் பாராட்டுவோர் உளர். கரையோரத்தையும் மலைநாட்டையும் இணைக்கத் தெரிந்த ஒரு வணிக சமூகம் அவனுக்குத் தேவைப்பட்டது என்பதே அடிப்படை.

பொதிமாட்டுக்குரிய ஆயத்தத்தின் உயிர்நாடி சமன்செய்தல் ஆகும். முதுகின் இருபுறமும் தொங்கும் பொதிகள் நிறையொத்திருக்க வேண்டும். ஒருபுறம் சற்றுக் கனத்தாலும் சேணமெத்தை நழுவி முதுகெலும்பில் உராயும். ஒரு நாளில் உண்டாகும் புண் ஆற ஒரு மாதமாகும். அம்மாதம் முழுவதும் மாடு தின்னுமேயன்றிச் சுமக்காது. ஆகவே பொதி கட்டுபவன் தவளத்தில் மதிப்புக்குரியவன். உப்பு ஈரத்தை உறிஞ்சி வழியிலேயே நிறை மாறும் பண்டம் என்பதால், தங்குமிடந்தோறும் பொதியை இறக்கி மீண்டும் நிறைபார்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

சக்கரத்துக்கு வழிதிறந்தது ஆங்கிலேயராட்சி. 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஒடுக்கமான பாதை அரசுக்குப் பாதுகாப்பாக இருந்த நிலை மாறி, அதுவே இடையூறாயிற்று. படையும் பின்னர் கோப்பியும் செல்வதற்கு அகன்ற தெருக்கள் வேண்டப்பட்டன. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது எனப் பாடநூல்கள் பெருமையுடன் கூறும். ஆனால் 1848இல் தொரிங்டன் தேசாதிபதியின் ஆட்சியில் நிறைவேறிய தெருக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என விதித்தது. மூன்று சிலிங் இல்லாதவனுக்கு இராசகாரியம் எங்கே ஒழிந்தது? அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். பின்னாளில் நமது கரத்தைகள் உருண்ட தெருக்களின் அடியில் இக்கட்டாய உழைப்பும் புதைந்து கிடக்கின்றது.

‘கரத்தை’ என்னும் சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. ஆனால் அதன் உறுப்புகளின் பெயர்களை நோக்குக: அச்சு, நுகம், ஏர்க்கால், பார், குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி. முழுமைக்கு அந்நியப் பெயர். உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர். பறங்கியர் பெயரைத் தந்தனர். செய்தவர் இங்குள்ள தச்சரும் கொல்லருமே. சொல்லாராய்ச்சி செய்யும் நம்மவர் இத்தகைய கலப்பைக் கறையாகக் கொள்வது வழக்கம். எமக்கோ அது உழைப்பின் இருப்பிடத்தைக் காட்டும் அடையாளமாகத் தோன்றுகின்றது.

இனி ஆயத்தத்தின் நுணுக்கங்களுக்கு வருவோம். பிரதேசத்து முதியோரிடம் கேட்டறிந்தவற்றையும் தொழிலின் இயல்பிலிருந்து பெறப்படுபவற்றையும் இணைத்தே இங்குக் கூறுகின்றோம்.

முதலாவது பருவம். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் ஐப்பசி முதல் தை வரையான காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி வெள்ளக்காடாகும். வண்டி குடமளவும் புதையும். ஆகவே மாரிப்போக அறுவடை முடிந்து, சூடடித்து, நிலம் இறுகிய பின்னரே நெடுவழி திறக்கும். மாடும் அப்போதுதான் வயலிலிருந்து விடுபடுகின்றது. ஆனால் உழுது களைத்த மாட்டை உடனே பூட்டுவது அறிவீனம். சில வாரங்கள் அதனை மேய்ச்சற்றரையில் விட்டு உடல் தேற்றுவர். அறுவடை செய்த வயலின் தாளும் காட்டோரப் புல்லும் அதற்கு உதவும். பயண ஆயத்தம் வண்டியிலே தொடங்குவதில்லை, புல்லிலே தொடங்குகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்தது சோடி சேர்த்தல். உயரமொத்த மாடுகளை விட நடையொத்த மாடுகளே சிறந்தவை. ஒன்று விரைந்தும் ஒன்று தயங்கியும் நடந்தால் விரைந்து நடப்பதே முழுப் பாரத்தையும் இழுக்கும். பத்தாம் மைலில் அது படுத்துவிடும். இடப்புறம் பழகிய மாட்டை வலப்புறம் பூட்டுவதும் தவறு. வண்டித் தொடரில் வழி தெரிந்த முதிய சோடியை முன்னே விடுவர். இரவிலே வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் பின்வரும் மாடுகள் முன்வண்டியின் அடியில் ஆடும் விளக்கைப் பின்பற்றும்.

எழுவான்கரை மணலில் மாட்டுக்கு லாடம் தேவையில்லை. கல்லும் சரளையும் நிறைந்த மலைத்தெருவுக்கு அது இன்றியமையாதது. மாட்டின் குளம்பு பிளவுபட்டதாதலால் காலுக்கு இரண்டு தகடுகள், ஒரு மாட்டுக்கு எட்டு, ஒரு சோடிக்குப் பதினாறு வேண்டும். குதிரையைப் போல மாடு மூன்று காலில் நின்று லாடத்துக்கு இடங்கொடாது. கயிற்றிட்டு வீழ்த்தி, நான்கு கால்களையும் பிணைத்தே அடிப்பர். லாடமடித்த மாட்டை ஓரிரு நாள் ஊருக்குள் நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே நெடுவழிக்குக் கொண்டுசெல்வர். ஆணி சற்று உள்ளே இறங்கியிருந்தால் நொண்டல் ஊரிலேயே வெளிப்பட்டுவிடும்.

சக்கரம் தனிக் கவனத்துக்குரியது. வட்டையும் ஆரக்காலும் செய்ய ஹல்மில்ல போன்ற வைரமரங்கள் விரும்பப்பட்டன. ஆங்கில வணிகர் இதனைத் திருகோணமலை மரம் எனவும் அழைத்தனர். இரும்புப் பட்டத்தை நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையைச் சுற்றி இறக்கி, நீருற்றிக் குளிரவைத்து இறுக்குவது கொல்லனின் கலை. ஆனால் கோடையில் மரம் காய்ந்து சுருங்கும், இரும்பு சுருங்காது, பட்டம் கழன்று ஆடும். இதற்கு மருந்து நீரேயாகும். புறப்படுவதற்கு முன் சக்கரங்களை நீரில் ஊறவிடுவர். வழியில் ஆற்றைக் கடக்கும்போது வண்டியைச் சிறிது நேரம் நீரிலேயே நிறுத்துவர். வழிப்போக்கனுக்கு இது மாட்டின் தாகம் தீர்ப்பதாக மட்டுமே தோன்றும். அச்சுக்கு வண்டிமை, முறிந்தால் மாற்றக் கடையாணிகள், ஒன்றிரண்டு பூட்டாங்கயிறுகள், வாய்ச்சி, கோடரி, விளக்கு, வாளி ஆகியன எப்போதும் உடனிருக்கும்.

பாரம் ஏற்றுவதிலும் கணக்குண்டு. நல்ல சோடி பூட்டிய வண்டி இருபது அந்தருக்குக் கிட்டத் தாங்கும். ஆயினும் எவ்வளவு என்பதை விட எங்கே என்பதே கேள்வி. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நுகத்தின் கீழ் நசியும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஏற்றத்தில் பின்பாரமும் இறக்கத்தில் முன்பாரமும் தாமாகவே கூடுவதால், லுணுகலைப் பக்கத்து மேடுகளில் வண்டிக்காரன் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே சென்றான். இறக்கத்தில் சக்கரத்தைத் தடுக்க மரக்கட்டையைக் கட்டி இழுத்துவருவதும் உண்டு.

மாடு அசைபோடும் விலங்கு. தின்பதற்குச் சில மணிநேரமும் தின்றதை அசைபோடச் சில மணிநேரமும் கொடாமல் அதனை நடத்த முடியாது. நண்பகல் வெயிலிலும் அது நடவாது. எனவே பின்னேரத்திலிருந்து நள்ளிரவு வரையும், மீண்டும் விடியற்புறமுமாக நடை பிரிக்கப்பட்டது. மணிக்கு இரண்டு மைல் அளவில், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ நூறு மைல். ஆகவே போகும் வழிக்கே ஒன்பது பத்து நாட்கள். அத்தனை நாளுக்கும் வைக்கோலை வண்டியில் ஏற்றினால் சரக்குக்கு இடமிராது. புண்ணாக்கும் தவிடும் மட்டுமே உடன் சென்றன. புல்லும் நீரும் வழியிலே கிடைக்க வேண்டும். அதனால்தான் தங்குமிடங்கள் தூரத்தால் தீர்மானிக்கப்படாமல் நீர்நிலையாலும் புற்றரையாலும் தீர்மானிக்கப்பட்டன. மனிதனுக்கு அரிசி, கருவாடு, பொரிமா, புளி. காட்டுக்காய்ச்சலுக்கு மல்லியும் வேர்க்கொம்பும். யானைக்கு அஞ்சிப் புல்லுமலைக்கு அப்பால் எவரும் தனிவண்டியாகச் செல்லார்; வண்டிகளை வட்டமாக நிறுத்தி நடுவே தீமூட்டுவர்.

நெடுவழிப் பயணம் என்றதும் குதிரையை எண்ணுவோர்க்கு ஒரு சொல். நெடுந்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தனர். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அங்குத் திரிகின்றன. எனினும் கிழக்கிலங்கையின் சாதாரண மக்களின் போக்குவரத்தில் குதிரைக்கு இடமில்லை. அது அதிகாரியின் ஊர்தி, தானியம் தின்பது, உழவுக்குப் பயன்படாதது. பட்டினப்பாலை காட்டும் கடல்வழி வந்த குதிரையும் உழவனுக்காக வரவில்லை. 1840களில் அமெரிக்காவின் மேற்குப்புறம் நோக்கி ஓரிகன் வழியில் இரண்டாயிரம் மைல் சென்ற குடியேறிகளிற் பெரும்பாலோரும் குதிரையை விடுத்து எருதையே பூட்டினர். விலை குறைவு, வழிப்புல்லைத் தின்றே வாழும், மெதுவாயினும் சோராது. இரு கண்டங்களிலும் ஏழை உழைப்பாளியின் கணக்கு ஒன்றாகவே இருந்தது.

அவ்வுழைப்பின் இயல்பு யாது? மாக்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில், ஏனைய சுற்றோட்டச் செலவுகளிலிருந்து போக்குவரத்தை வேறுபடுத்திக் காட்டுகின்றார். ஒரு பண்டத்தின் பயன்மதிப்பு நுகர்விலேயே மெய்ப்படுகின்றது. நுகர்வோரிடம் அதனைக் கொண்டுசேர்க்கும் உழைப்பு பண்டத்துக்குப் புதுமதிப்பைச் சேர்க்கின்றது. கரையில் மலிந்து கிடக்கும் உப்பு பிபிலையில் அரிதாவது இதனால். ஆனால் அம்மதிப்பு யாரைச் சேர்ந்தது? சொந்த மாடும் சொந்தக் கரத்தையும் உடையவன் ஒருபுறம் இருக்க, போடியாரின் அல்லது முதலாளியின் வண்டியைக் கூலிக்கு ஓட்டியவனும் இருந்தான். வழியில் மாடு செத்தால், பண்டம் நனைந்தால், இழப்பு அவன் கூலியிலிருந்தே கழிக்கப்பட்டது. மேலே நாம் விவரித்த நுண்ணிய ஆயத்தங்களுக்கெல்லாம் தொழிற்பற்று மட்டும் காரணமன்று. கடன் பயமும் காரணம். எனினும் அவன் வெறுமனே அடங்கிக் கிடந்தவனல்லன். 1906இல் மாநகரசபையின் ஒழுங்குவிதிக்கு எதிராகக் கொழும்பு வண்டிக்காரர் நடத்திய வேலைநிறுத்தத்தைக் குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளிவந்த தமது தொழிலாளர் இயக்க வரலாற்றில் ஆராய்ந்துள்ளார். ஆலைத் தொழிலாளி உருவாகுமுன்னரே நுகத்தடியின் பின்னால் அமர்ந்தவன் வர்க்க உணர்வு பெற்றுவிட்டான் எனலாம்.

வணிகத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற பயணம் கதிர்காம யாத்திரை. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை, உகந்தை எனக் கரையோரமாகச் சென்று, குமணையையும் யாலக் காட்டையும் கடந்து செல்லும் வழி அது. காடுவரை பண்டங்களையும் முதியோரையும் வண்டி சுமக்கும், காட்டுக்குள் கால்தான். ஊராகக் கூடி அரிசி சேர்ப்பதும், பொதுவடுப்பில் சமைப்பதும், சுமையைப் பங்கிடுவதும் பக்தியின் பெயரால் நிகழ்ந்த கூட்டுழைப்பு. ஊரிலே ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைக்காத சாதியாசாரம் அவ்வடுப்பின் முன்னே தளர்ந்தது. திரும்பி வந்ததும் மீண்டும் இறுகியது. சமயம் மனிதரை ஒன்றாக்கியது என்று கொள்வதா, நடுக்காட்டில் தண்ணீர் இல்லாமை ஒன்றாக்கியது என்று கொள்வதா என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கலாம்.

1924இல் கல்லடிப் பாலமும் 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதமும் வந்தன, அவற்றையடுத்து லொறி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் காட்டையும் குடிப்பரம்பலையும் மாற்றியது. நெடுவழியை இழந்த கரத்தை களத்துக்கும் துறைக்கும் இடைப்பட்ட குறுவழிக்குள் ஒடுங்கியது. போரின் ஆண்டுகளில், எண்ணெய் கிடையாத படுவான்கரைக்கு அது மறுபடியும் தேவைப்பட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அத்துறையில் ‘பாதை’ நின்றது. வண்டிச் சக்கரங்கள் விடுதி வாயில்களில் அலங்காரமாகச் சாத்தப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம். அவற்றின் உறுப்புப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்களோ ஊருக்கு இருவர் மூவரே. அவர்களிடமிருந்து அச்சொற்களை எழுதிவைக்கும் வேலையைப் பல்கலைக்கழக மாணவர் இவ்விடுமுறையிலேயே தொடங்கலாம்.

மாட்டின் கதை மட்டும் முடிந்துவிடவில்லை. வயலில் உழவு இயந்திரம் இறங்கியபின்னும் பட்டிகள் மறையவில்லை. பாலும் தயிரும் அவற்றைக் காத்தன. மாரிப்போகம் விதைக்கும் காலத்தில் படுவான்கரை மாடுகள் மயிலத்தமடு, மாதவனைப் பகுதி மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்க்கப்படுவது வழக்கம். 2023இல் சித்தாண்டியில் பண்ணையாளர் தெருவோரத்தில் பந்தலிட்டு அமர்ந்து கேட்டது அந்தப் புல்லையே.